பெரிய வெள்ளியின் ஆறாவது மன்றாட்டு: யூத வெறுப்புக்கு எதிரான விழிப்புணர்வு முயற்சிகள்

பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் திருப்பாடுகளின் வரலாறு வாசித்து, மறையுரையும் முடிந்ததும் பொது மன்றாட்டுகள் தொடங்குகின்றன. திருச்சபைக்காக, திருத்தந்தைக்காக, திருநிலையினருக்காகவும் இறைமக்கள் அனைவருக்காகவும், திருமுழுக்குப் பெற இருப்போருக்காக, கிறிஸ்தவர்களின் ஒன்றிப்புக்காக என்று ஐந்து மன்றாட்டுகள் முடிந்தபின் ஆறாவதாக வருவது யூத மக்களுக்கான மன்றாட்டு. முழந்தாளிட்டு, எழுந்து, மீண்டும் முழந்தாளிட்டு நிற்கும் நேரம் அது. காலையிலிருந்து நோன்பிருந்த களைப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த மன்றாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அந்த ஒரு மன்றாட்டின் சொற்கள் இன்றுள்ள வடிவத்துக்கு வர 40 ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. அதற்காக உழைத்தவர்களில் பலர் பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்லர். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பங்குக் குருக்கள், பொதுநிலையினர் எனப் பலர் சேர்ந்து நடத்திய சிறு சங்கங்களே அந்த வேலையைத் தொடங்கி வைத்தன.

ஒருவரை அவர் யூதர் என்ற காரணத்துக்காகவே வெறுப்பது, பழிப்பது, ஒதுக்குவது, தாக்குவது ஆகியவற்றை யூத வெறுப்பு என்கிறோம். இது ஹிட்லரோடு பிறந்ததும் அல்ல, அவரோடு மடிந்ததும் அல்ல. நாத்சி ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2018 அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஓய்வுநாள் வழிபாட்டுக்குக் கூடியிருந்த 11 பேர் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டமும் காவல்துறையும் குற்றம் நடந்த பிறகு வருகின்றன. குற்றத்துக்கு முந்தைய பேச்சை, பாடத்தை, கேலியை, வதந்தியை மாற்ற முயல்பவை பெரும்பாலும் இலாப நோக்கற்ற தன்னார்வ அமைப்புகளே. அவை செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் இங்கே பார்க்கலாம்.

‘யூதர் ஒருவரைக்கூட நாங்கள் நேரில் பார்த்ததில்லையே, இது எங்களுக்கு எதற்கு?’ என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சியில் 1568ல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. யூதர்கள் அங்கே உள்ளூர் அரசரின் பாதுகாப்பில் பல நூற்றாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். 1662ல் அந்தத் தொழுகைக்கூடத்தைத் தாக்கிச் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர்கள், அதாவது கத்தோலிக்கர்கள். யூத வெறுப்பு இந்த மண்ணில் முளைத்த செடி அல்ல. கப்பலில் வந்து இறங்கியது. அதே கப்பலில்தான் நமது திருவழிபாட்டு நூல்களும் பாஸ்கா நாடகங்களும் மறைக்கல்விப் பாடங்களும் வந்தன. ஆகவே கேள்விக்கான பதிலை நம் ஆலயத்துக்குள்ளேதான் தேட வேண்டும்.

பழைய இலத்தீன் வழிபாட்டில் பெரிய வெள்ளியன்று யூதர்களுக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டில் ‘பெர்ஃபிதிஸ்’ என்ற அடைமொழி இருந்தது. ‘விசுவாசம் கொள்ளாத’ என்பதே அதன் பொருள் என்று அறிஞர்கள் விளக்கினாலும், ஐரோப்பிய மக்களின் காதில் அது ‘நம்பிக்கைத் துரோகம் செய்த’ என்றே விழுந்தது. இன்னொன்றும் உண்டு. மற்ற எல்லா மன்றாட்டுகளுக்கும் முழந்தாளிட்ட மக்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் முழந்தாளிடுவதில்லை. சொல்லைப் புரிந்துகொள்ளாத குழந்தைகூட இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்திருக்கும்.

இதை மாற்ற வேண்டும் என்று முதலில் அமைப்பாகச் சேர்ந்து கேட்டவர்கள் குருக்கள்தாம். 1926ல் உரோமையில் ‘இஸ்ரயேலின் நண்பர்கள்’ (அமிச்சி இஸ்ராயேல்) என்ற சங்கம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் 19 கர்தினால்களும், 200க்கும் மேற்பட்ட ஆயர்களும், ஏறத்தாழ 3,000 குருக்களும் அதில் சேர்ந்தார்கள். யூதர்களைக் ‘கடவுளைக் கொன்றவர்கள்’ என்று போதிக்கக் கூடாது, அந்த அடைமொழியை நீக்க வேண்டும் என்று அவர்கள் விண்ணப்பித்தார்கள். 1928 மார்ச்சில் திருப்பீடம் விண்ணப்பத்தை நிராகரித்துச் சங்கத்தையே கலைத்துவிட்டது. அந்த ஆணையிலேயே யூத இனத்தின்மீதான வெறுப்பைத் திருச்சபை கண்டிக்கிறது என்றும் எழுதப்பட்டது. கண்டனமும் உண்டு, சீர்திருத்தமும் இல்லை. அடுத்த ஐந்தாண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழிபாட்டில் கேட்ட சொல்லோடு வீடு திரும்பிய கோடிக்கணக்கான மக்களின் மனத்தில் ஒரு முள்ளாவது குறைந்திருக்கும்.

இனி நாம் அறிய வேண்டிய மனிதர் ஜூல் ஐசக். 1877ல் பிரான்சின் ரென் நகரில் பிறந்த யூதர், வரலாற்று ஆசிரியர். அவர் எழுதிய பள்ளி வரலாற்று நூல்களைப் படித்தே பிரான்சில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கல்வித்துறையில் தலைமை ஆய்வாளராக உயர்ந்தார். 1940ல் விஷி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது பதவி நீக்கப்பட்டார். 1943 அக்டோபரில் ரியோம் என்ற ஊரில் அவருடைய மனைவி, மகள், மருமகன், ஒரு மகன் ஆகியோரை நாத்சி காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். அந்த நேரத்தில் வெளியே போயிருந்ததால் அவர் தப்பினார். மகன் மட்டும் பின்னர் தப்பி வந்தார். மற்ற மூவரும் திரும்பவில்லை. பிடிபட்டு முகாமில் இருந்த மனைவி, எழுதிக்கொண்டிருந்த நூலை எப்படியாவது முடிக்கும்படி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

அந்த நூல் ‘இயேசுவும் இஸ்ரயேலும்’. 1948ல் வெளிவந்தது. நற்செய்தி நூல்களில் இருப்பது என்ன, பிற்கால விரிவுரைகளிலும் பாடநூல்களிலும் சேர்ந்துகொண்டது என்ன என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த நூல் அது. மக்கள் மனத்தில் பதிந்திருந்த வெறுப்பு நற்செய்தியிலிருந்து வரவில்லை, நற்செய்தியைத் தவறாகக் கற்பித்ததிலிருந்து வந்தது என்பதே அவர் முடிவு. பிற்பாடு இதற்கு அவர் ‘இகழ்ச்சியைக் கற்பித்தல்’ என்று பெயரிட்டார். கற்பிக்கப்பட்டது என்றால் திருத்திக் கற்பிக்கவும் முடியும் என்ற ஆசிரியரின் நம்பிக்கை அதில் இருக்கிறது. குடும்பத்தை இழந்தவர் பழிவாங்கும் நூலை எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1947 ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 5 வரை, சுவிட்சர்லாந்தில் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் சேலிஸ்பெர்க் என்ற சிற்றூரில் ஒரு மாநாடு கூடியது. யூத வெறுப்பு பற்றிய அவசர மாநாடு என்று அதற்குப் பெயர். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்னும் ஐரோப்பாவில் வெறுப்பு அடங்கவில்லை என்பதாலேயே ‘அவசரம்’ என்ற சொல். பல நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கரும், பிற சபையினரும், யூதர்களும் சேர்ந்து அமர்ந்தார்கள். பின்னாளில் கர்தினாலான அருட்தந்தை ஷார்ல் ஜூர்னே, பின்னாளில் பிரான்சின் தலைமை ரபியான ஜாக்கோப் காப்லன் ஆகியோர் அங்கே இருந்தார்கள். மெய்யியலாளர் ஜாக் மரித்தேன் வர இயலாமல் செய்தி அனுப்பியிருந்தார். ஐசக் 18 கருத்துகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவற்றை அடிப்படையாக வைத்துக் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் வகுத்தவையே ‘சேலிஸ்பெர்க்கின் பத்துக் குறிப்புகள்’.

அவற்றை இன்று படித்தாலும் நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு எழுதியதுபோல இருக்கும். பழைய, புதிய ஏற்பாடுகள் இரண்டின் வழியாகவும் பேசுபவர் ஒரே கடவுள். இயேசு தாவீதின் வழிவந்த யூதத் தாயின் மகன். முதல் சீடரும், திருத்தூதரும், முதல் மறைச்சாட்சிகளும் யூதர்கள். இறையன்பும் பிறரன்பும் என்ற முதன்மைக் கட்டளை ஏற்கெனவே பழைய ஏற்பாட்டில் சொல்லப்பட்டு இயேசுவால் உறுதி செய்யப்பட்டது. இவை முதல் நான்கு. நினைவில் கொள்ள வேண்டியவை. மற்ற ஆறும் தவிர்க்க வேண்டியவை. கிறிஸ்தவத்தை உயர்த்திக் காட்டுவதற்காக யூத சமயத்தைத் தாழ்த்துவது ஒன்று. ‘யூதர்’ என்ற சொல்லை ‘இயேசுவின் பகைவர்’ என்ற பொருளிலேயே பயன்படுத்துவது இன்னொன்று. இயேசுவின் சாவுக்கு எல்லா யூதர்களும், அல்லது யூதர்கள் மட்டுமே, காரணம் என்பதுபோலத் திருப்பாடுகளை எடுத்துரைப்பது மற்றொன்று. பிலாத்துவின் முன்னால் கூட்டம் இரத்தப்பழியைத் தன்மீது ஏற்றுக்கொண்டு கத்தியதை (மத் 27:25) எடுத்துக்காட்டிவிட்டு, சிலுவையிலிருந்து இயேசு தந்தையிடம் மன்னிப்பு வேண்டியதைச் (லூக் 23:34) சொல்லாமல் விடுவது இன்னும் ஒன்று. யூத இனம் சபிக்கப்பட்டது, துன்பப்படவே ஒதுக்கி வைக்கப்பட்டது என்ற மூடக் கருத்தும், திருச்சபையின் முதல் உறுப்பினர்கள் யூதர்களே என்பதை மறந்து பேசுவதும் கடைசி இரண்டு.

பத்துக் குறிப்புகளும் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆனால் தாள் மட்டும் போதாது என்று ஐசக் அறிந்திருந்தார். 1948 பிப்ரவரியில் யூத–கிறிஸ்தவ நட்புச் சங்கத்தைப் பாரிசில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். அதன் முதல் தலைவர் கத்தோலிக்க வரலாற்றறிஞர் ஹான்றி மரு. கவிஞர் எட்மோன் ஃப்ளேக், ரபி காப்லன் ஆகியோர் உடன் நின்றவர்கள். சங்கத்தின் வேலை ஆரவாரமில்லாதது: சொற்பொழிவு, இதழ் வெளியிடுதல், பாடநூல்களைப் பரிசோதித்தல், குருக்களோடும் ஆசிரியர்களோடும் உரையாடுதல். ஒருவரை மதம் மாற்றும் நோக்கம் இரு பக்கத்திலும் இல்லை என்பது தொடக்கத்திலேயே தெளிவாக்கப்பட்டது. இல்லாவிட்டால் யூதர்கள் வந்து அமர்ந்திருக்க மாட்டார்கள்.

1949 அக்டோபரில் ஐசக் திருத்தந்தை 12ம் பத்திநாதரைச் சந்தித்து மன்றாட்டின் சொல் பற்றியும், முழந்தாளிடாமை பற்றியும் பேசினார். 1955ல் வெளிவந்த புனித வாரத் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தில் முழந்தாளிடுதல் திரும்பி வந்தது. 1959 பெரிய வெள்ளியன்று திருத்தந்தை 23ம் யோவான் அந்த அடைமொழியையே நீக்கினார். போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் திருப்பீடத் தூதராக இருந்து யூத அகதிகள் பலருக்கு உதவியவர் அவர். 1960 ஜூன் 13 அன்று 82 வயது ஐசக் வத்திக்கானில் அவரைச் சந்தித்தார். கையில் ஒரு கோப்பு. கற்பித்தலைத் திருத்துவது பற்றி ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்பது வேண்டுகோள். விடைபெறும்போது, கொஞ்சமாவது நம்பிக்கையோடு போகலாமா என்று முதியவர் கேட்டார். நம்பிக்கையைவிட அதிகம் பெற உமக்கு உரிமை உண்டு என்ற பொருளில் திருத்தந்தை பதில் சொன்னார். சில மாதங்களில் அந்தப் பொறுப்பு கர்தினால் அகுஸ்தின் பேயாவிடம் தரப்பட்டது.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் ‘நம் காலத்தில்’ (நோஸ்த்ரா ஏத்தாத்தே) என்ற அறிக்கையை 2,221 ஆதரவு வாக்குகளோடும் 88 எதிர்வாக்குகளோடும் ஏற்றது. இயேசுவின் பாடுகளில் நடந்தவற்றுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள்மீதோ இன்றைய யூதர்கள்மீதோ சுமத்த முடியாது என்றும், யூத வெறுப்பு எந்தக் காலத்தில் யாரால் காட்டப்பட்டாலும் அது வருந்தத்தக்கது என்றும் அதன் 4ம் எண் சொல்கிறது. சேலிஸ்பெர்க் தாளின் குரல் அதில் தெளிவாகவே கேட்கிறது. ஜூல் ஐசக் அதைப் பார்க்கவில்லை. 1963 செப்டம்பரில் இறந்துவிட்டார். 1970ல் வந்த புதிய திருப்பலி நூலில், கடவுள் முதலில் உரையாடிய மக்கள் என்று யூதர்களை மதித்து நினைவுகூரும் இன்றைய மன்றாட்டு இடம்பெற்றது.

ஆயர்களின் அறிக்கை ஊருக்குள் எப்படி இறங்குகிறது என்பது வேறு கதை. அதற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள பில்லிங்ஸ் நகரைப் பார்க்க வேண்டும். 1993ல் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்த அந்நகரில் யூதக் குடும்பங்கள் 50 அளவில்தான் இருந்தன. அந்த ஆண்டில் யூதக் கல்லறைகள் சாய்க்கப்பட்டன. அமெரிக்கப் பூர்வகுடிப் பெண் ஒருவரின் வீட்டுச் சுவரில் நாத்சிச் சின்னம் வரையப்பட்டது. (நம் வீட்டு வாசலில் மங்கலமாகப் பலர் வரையும் ஸ்வஸ்திகாவுக்கும் அதற்கும் உருவ ஒற்றுமை உண்டே தவிர உறவு இல்லை, ஜெர்மானியர் அதைக் கொக்கிச் சிலுவை என்பார்கள்.) கறுப்பின மக்களின் ஆலயத்தில் மொட்டையடித்த இளைஞர்கள் வந்து மிரட்டுவதுபோல் நின்றார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பிற சபையினர் ஞாயிறுதோறும் அந்த ஆலயத்துக்குப் போய் உடன் அமர்ந்தார்கள். வண்ணம் பூசும் தொழிலாளர் சங்கத்தினர் தூரிகையோடு வந்து அந்தப் பெண்ணின் வீட்டைப் புதிதாக்கித் தந்தார்கள்.

டிசம்பர் 2 அன்று இரவு, ஒரு யூதக் குடும்பத்தில் ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறைச் சன்னலை ஒரு பெரிய கல் உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அந்தச் சன்னலில் ஹனுக்கா விழாவுக்காக விளக்குத்தண்டின் படம் ஒட்டியிருந்தது. ஹனுக்கா நமக்குப் புதியதல்ல. யூதா மக்கபே எருசலேம் கோவிலைத் தூய்மைப்படுத்தி அர்ப்பணித்ததை மக்கபேயர் முதல் நூலின் 4ம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்த அர்ப்பணிப்பு விழாவின்போது இயேசு கோவிலில் நடந்துகொண்டிருந்ததை யோவான் 10:22 சொல்கிறது. சிறுவன் நல்லவேளையாக அறையில் இல்லை. பாதுகாப்புக்காகப் படத்தை எடுத்துவிடும்படி தாய்க்கு ஆலோசனை சொல்லப்பட்டது. இதை என் பிள்ளைக்கு எப்படி விளக்குவேன் என்று அவர் உள்ளூர்ப் பத்திரிகையிடம் கேட்டார்.

அந்தச் செய்தியைப் படித்தவர்களில் ஒருவர், மொன்டானா திருச்சபைகள் சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஒரு பெண். கிறிஸ்மஸ் மரத்தை எடுத்துவிடு, இல்லாவிட்டால் கல் விழும் என்று தன் பிள்ளைகளிடம் சொல்ல நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார். தன் போதகரை அழைத்தார். அந்த ஞாயிறே பல ஆலயங்களில் சிறுவர்கள் காகிதத்தில் விளக்குத்தண்டு வரைந்து தங்கள் வீட்டுச் சன்னல்களில் ஒட்டினார்கள். டிசம்பர் 11 அன்று ‘பில்லிங்ஸ் கெசட்’ நாளிதழ் முழுப் பக்கத்துக்கு விளக்குத்தண்டின் படத்தை அச்சிட்டு, வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று வாசகர்களைக் கேட்டது. விரைவில் ஆயிரக்கணக்கான வீடுகளில், யூதர் அல்லாதவர்களின் வீடுகளில், அந்தப் படம் தெரிந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். படம் ஒட்டிய சில வீடுகளின் சன்னல்கள் உடைந்தன. ஓர் ஆலயத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. யூத நண்பர்களுக்கு ஹனுக்கா வாழ்த்துச் சொல்லி மின்பலகை வைத்திருந்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அதன்பின் படங்கள் குறையவில்லை, கூடின. யார் வீட்டில் கல் எறிவது என்று எறிபவருக்கே தெரியாமல் போனது. கொஞ்ச நாளில் தாக்குதல்கள் ஓய்ந்தன. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓர் இலாப நோக்கற்ற ஆவணப்படக் குழு இதை ‘எங்கள் ஊரில் நடக்க விடோம்’ என்ற பொருள் தரும் தலைப்பில் படமாக்கியது. 1995ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் அது ஒளிபரப்பானது. படத்தைப் பார்த்த பல ஊர்களில் மக்கள் கூடிப் பேசத் தொடங்க, அதே பெயரில் ஓர் இயக்கம் வளர்ந்தது. பிட்ஸ்பர்க் படுகொலைக்குப் பிறகு அந்நகர மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் இதே குழு 2022ல் படமாக எடுத்தது.

இங்கே ஒரு திருத்தம். பில்லிங்ஸ் மக்களுக்குத் தூண்டுதலாக இருந்தது டென்மார்க் அரசரைப் பற்றிய கதை. நாத்சிகள் யூதர்களை மஞ்சள் நட்சத்திரம் அணியச் சொன்னபோது அரசரே அணிந்தார் என்பார்கள். அழகான கதை, உண்மையல்ல. டென்மார்க் யூதர்கள் அந்த நட்சத்திரத்தை அணியும்படி கட்டாயப்படுத்தப்படவே இல்லை. உண்மையில் நடந்தது அதைவிடப் பெரியது: 1943 அக்டோபரில் மீனவர்களும் சாதாரண மக்களும் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஏற்றிச் சுவீடனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். மறையுரைகளில் அரசர் கதையைச் சொல்பவர்கள் இனி மீனவர் கதையைச் சொல்லலாம். கடற்கரைப் பங்குகளில் இன்னும் நன்றாகப் புரியும்.

ஜெர்மனியில் விழிப்புணர்வு வேறு வடிவம் எடுத்தது. குண்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் ‘இடறு கற்கள்’ என்ற பணியைத் தொடங்கினார். நாத்சிகளால் கொண்டு செல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால், நடைபாதையில், பத்துச் சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பதித்த கல். அதில் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட நாள், முடிவு. யூதர்களுக்கு மட்டுமல்ல, கொல்லப்பட்ட ரோமா மக்களுக்கும், உடல் ஊனமுற்றோருக்கும், எதிர்த்து நின்ற கிறிஸ்தவர்களுக்கும் கற்கள் உண்டு. 2023 மே மாதத்தில் 1,00,000மாவது கல் நியூரம்பெர்க்கில் பதிக்கப்பட்டது. பல இடங்களில் பள்ளி மாணவர்கள் பழைய ஆவணங்களைத் தேடி அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் மியூனிக் நகரம் பொது நடைபாதையில் இக்கற்களை அனுமதிக்கவில்லை. இறந்தவர்களின் பெயர்களைக் காலால் மிதிப்பதா என்று அந்நகர யூத சமூகத்தின் தலைவரான அம்மையாரே எதிர்த்தார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு அந்த மறுப்பு எளிதில் விளங்கும். எனினும், எழுத்தைப் படிக்க ஒவ்வொருவரும் தலைகுனிய வேண்டியிருக்கிறது என்ற டெம்னிக் தரப்பின் பதிலும் தள்ளத்தக்கதல்ல.

இப்போது பெரும் பணம் விளம்பரங்களில் செலவாகிறது. அமெரிக்காவில் ராபர்ட் கிராஃப்ட் என்ற விளையாட்டு அணி உரிமையாளர் 2019ல் தொடங்கிய அறக்கட்டளை, 2023ல் இரண்டரைக் கோடி டாலர் செலவில் ‘நீலச் சதுரம்’ என்ற இயக்கத்தை நடத்தியது. தொலைக்காட்சித் திரையின் மூலையில் ஒரு சிறு நீலச் சதுரம், திரையில் 2.4 விழுக்காடு அளவில். அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் அவ்வளவே. 2024 பிப்ரவரியில், அந்நாடே உட்கார்ந்து பார்க்கும் கால்பந்து இறுதியாட்டத்தில், மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளைத் தயாரிக்க உதவிய கிளாரன்ஸ் ஜோன்ஸ் தோன்றிய விளம்பரத்தை வெளியிட்டது. உடையில் குத்திக்கொள்ளும் சதுரம் வெறுப்பைக் குறைக்குமா என்று யூதர்களிலேயே பலர் கேட்டார்கள். கேள்வி சரியானதே என்று தோன்றுகிறது. சின்னத்தை அணிவதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. பில்லிங்ஸில் சன்னலை இழக்க வேண்டியிருந்தது.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரயேலில் நடத்திய படுகொலைக்கும், அதைத் தொடர்ந்து காசாவில் நடந்த போருக்கும் பிறகு இந்த வேலை மிகவும் கடினமாகிவிட்டது. பல நாடுகளில் யூதர்கள்மீதான தாக்குதல்கள் கூடின. காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் இறந்ததைக் கண்டு கொதிப்பது நியாயம். ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. அந்தக் கோபத்தை இலண்டனிலோ பாரிசிலோ தொழுகைக்கூடத்துக்குப் போகும் முதியவர்மீது காட்டுவது யூத வெறுப்பு. எங்கே கோடு போடுவது என்பதில் இந்த அமைப்புகளுக்குள்ளேயே சண்டை உண்டு. சில அமைப்புகள் அரசியல் கண்டனத்தையும் வெறுப்பையும் ஒன்றாகக் குழப்பித் தங்கள் நம்பகத்தன்மையையே குறைத்துக்கொண்டன என்ற குற்றச்சாட்டும் உள்ளது. அதே நேரம், அரசியல் பேச்சில் தொடங்கிய பலர் ‘கிறிஸ்துவைக் கொன்றவர்கள்தானே’ என்ற பழைய வார்த்தைக்கு வந்து சேர்வதைச் சமூக ஊடகங்களில் தமிழிலும் பார்க்கிறோம்.

அந்தப் பழைய வார்த்தை நம் மேடைகளில் எங்கே வாழ்கிறது? தவக்காலப் பாஸ்கா நாடகத்தில். இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் ஓபராமெர்காவ் கிராமம். 1633ல் கொள்ளைநோயிலிருந்து தப்பினால் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634 முதல் நடிக்கிறார்கள். இப்போது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1934ல் ஹிட்லர் வந்து பார்த்துப் பாராட்டினார். யூதர்களைக் கெட்டவர்களாகக் காட்டியதே அவருக்குப் பிடித்திருந்தது. திருச்சங்கத்துக்குப் பிறகும் ஊரார் பழைய வசனங்களை விடவில்லை. அதனால் 1970ல் மியூனிக் பேராயரின் வழக்கமான திருச்சபை அங்கீகாரம் அந்நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க யூத அமைப்புகள் அறிஞர்களைக் கொண்டு வசனத்தை வரிவரியாக ஆராய்ந்து அறிக்கைகள் எழுதின. ஊருக்கே வந்து பேசின. ஊருக்குள் பிளவு, வாக்கெடுப்பு, வழக்கு எல்லாம் நடந்தன. பாட்டன் சொன்ன வசனத்தைப் பேரன் எப்படி மாற்றுவது?

மாற்றியவர் அதே ஊரில் பிறந்த கிறிஸ்தியான் ஸ்டுக்ல். 1990 முதல் அவரே இயக்குநர். குருக்களுக்கு இருந்த கொம்பு வைத்த தொப்பிகள் போயின. மத்தேயு 27:25ன் கூக்குரல் 2000ல் நீக்கப்பட்டது. இயேசுவை ‘ரபி’ என்று அழைத்தார்கள். இராவுணவில் எபிரேய மன்றாட்டு ஒலித்தது. தலைமைச் சங்கத்தில் இயேசுவுக்காக வாதாடும் யூதர்களின் குரலும் கேட்டது. 2010ல் மேடை முழுவதும் நின்ற ஊர் மக்கள் ‘இஸ்ரயேலே, கேள்’ என்ற யூதர்களின் விசுவாச அறிக்கையைப் பாடலாகப் பாடினார்கள். நடிகர்கள் ஒவ்வொரு முறையும் இஸ்ரயேல் சென்று திரும்பிய பிறகே ஒத்திகை. கொரோனாவால் தள்ளிப்போய் 2022ல் நடந்த நாடகத்தில் யூதாசாக நடித்தவர் ஓர் இஸ்லாமிய இளைஞர். முந்தைய ஆண்டு, ஜெர்மனியின் கிறிஸ்தவ–யூத ஒத்துழைப்புச் சங்கங்கள் ஸ்டுக்லுக்கு மார்ட்டின் பூபர், ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் ஆகியோர் பெயரிலான பதக்கத்தை அளித்தன.

இத்தகைய நாடகங்களை எழுதுவோருக்காக அமெரிக்க ஆயர்கள் 1988ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். நான்கு நற்செய்திகளிலிருந்தும் கடுமையான வசனங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கக் கூடாது. யூதர்களைப் பணத்தாசைக்காரர்களாகவும் இரத்தவெறியராகவும் உடையிலும் ஒப்பனையிலும் காட்டக் கூடாது. இயேசுவும் சீடர்களும் ஒரு கூட்டம், யூதர்கள் எதிர்க்கூட்டம் என்று பிரிக்காமல் எல்லாரும் யூதர்களே என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பிலாத்துவை நல்லவனாக்கி விடக் கூடாது, தீர்ப்பளித்தது உரோமை ஆட்சி. தவக்காலத் தொடக்கத்தில் பாஸ்கா நாடகக் குழுவினர் வசன ஏட்டைக் கையில் எடுக்கும்போது, ‘யூதர்கள்’ என்று கூட்டமாகக் கத்தும் இடங்களையும், கைபாவின் ஒப்பனையையும், பிலாத்துவின் கண்ணீரையும் இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும்.